மறுபடி உள்ளே வருகிறவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலியில் குற்றவியல் முதுகலை படிக்கிறேன். வழக்கில் சிக்கிய பதினெட்டு வயது நிறையாதவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வெளியே வந்த சிறுவர்களும், பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து வெளியே வந்த 18 முதல் 21 வயது இளைஞர்களும் மறுபடி குற்றம் செய்கிறார்களா என்பது என் ஆய்வு. காவல் நிலையங்களில் பட்டியல் வாங்கி, மறுபடி கைதானவர்களை எண்ணி, வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பலாம் என்று திட்டம். நாங்குநேரியில் பள்ளி மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே, "பதினேழு வயதுக்காரனையும் பெரிய ஜெயிலில் போட்டால்தான் பயம் வரும்" என்கிறார்கள். ஆய்வு அதற்குப் பதில் சொல்லுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பட்டியலை விட்டுவிடுங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, வழக்கில் சிக்கிய சிறுவனின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்கிறது. 24ஆம் பிரிவு, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட சிலரைத் தவிர மற்றவர்களின் ஆவணங்களை உரிய காலத்தில் அழிக்கச் சொல்கிறது. பழையதை அவன் மேல் சுமத்தாமல் புதிதாக வாழ விடவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. களக்காட்டுப் பக்கம் ஒரு தெருவில் கையில் ஃபைலோடு நின்று "இன்னார் வீடு எது?" என்று நீங்கள் கேட்டால் போதும், டீக்கடையிலிருந்து ரேஷன் கடை வரை அன்று சாயங்காலத்துக்குள் செய்தி போய்விடும். அவன் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் சேர்ந்திருக்கும் கடையில் முதலாளிக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கும். சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திடமும் அரசுத் துறையிடமும் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். நன்னடத்தை அலுவலர் வழியாக அவனிடம் கேட்டனுப்புங்கள். அவன் சம்மதித்தால், அவன் சொல்லும் இடத்தில் சந்தியுங்கள். எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

அடுத்தது, மறுபடி கைதானவர்களை எண்ணுவது. நம் ஊரில் கைது எப்படி நடக்கிறது என்பதை வைத்துத்தான் இதைப் பார்க்கவேண்டும். வண்ணார்பேட்டையில் இருசக்கர வாகன மெக்கானிக் கடையில் வேலை பார்த்த ஒரு பையனை எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் ஓர் அடிதடி வழக்கு, நிபந்தனை ஜாமீன். தினமும் காலை பத்தரை மணிக்கு நிலையத்தில் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து ஒரு நிமிட வேலைதான். ஆனால் நோட்டு இருக்கும் மேஜைக்காரர் வரும்வரை வேப்பமரத்தடியில் நிற்கவேண்டும், சில நாள் மதியம் வரை. கடையில் வண்டிகள் வந்து குவிவது காலையில்தான். முதலாளி கொஞ்ச நாள் பொறுத்தார், பிறகு வேறு ஆள் வைத்துக்கொண்டார். அந்த வருஷம் அவன் ஊரில் கோயில் கொடைக்கு முந்தின இரவு, முன்னெச்சரிக்கை என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் எதுவும் செய்யவில்லை. உங்கள் அட்டவணையில் அவன் "மறுபடி கைது" என்ற கட்டத்தில் விழுவான். இன்னொருவன் கந்துவட்டிக்காரருக்கு வசூல் வேலை பார்த்து நாலு பேரை அடித்திருப்பான். புகார் கொடுக்க ஆள் இல்லாததால் அவன் "திருந்தியவன்" ஆகிவிடுவான். ஆகவே கைது, தண்டனை, அவனே சொல்வது ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். முன்னெச்சரிக்கைக் கைதைத் தனியே பிரித்து வையுங்கள். இந்த மாவட்டத்தில் அதைப் பிரிக்காத கணக்கு எதையும் நான் நம்பமாட்டேன்.

இனி உங்கள் வீட்டார் கேள்வி. இப்போதைய சட்டமே, பதினாறு வயது நிறைந்தவன் மீது குறைந்தபட்சம் ஏழாண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் அவனைப் பெரியவனைப் போல விசாரிக்க வழி வைத்திருக்கிறது. அப்போதும் 21 வயது வரை சிறைக்கு அனுப்பாமல் தனிப் பாதுகாப்பு இடத்தில் வைக்கவேண்டும். பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் சிறுவர்களைத் தள்ளிய நாடு அமெரிக்கா. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007இல் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கை, அப்படித் தள்ளப்பட்டவர்கள் வெளியே வந்தபின் வன்முறைக் குற்றங்களில் கைதாவது அதிகம் என்றது. பிலடெல்பியாவிலும் பீனிக்ஸிலும் கடுங்குற்றம் செய்த 1,354 இளையோரை ஏழாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், பெரும்பாலோர் வயது ஏற ஏறத் தாமாகவே விலகினார்கள். அதிக நாள் உள்ளே வைத்ததால் மறுகுற்றம் குறையவில்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. உள்ளே போகிறவன் ஏற்கெனவே முரடன், அதனால்தான் மறுபடி வருகிறான் என்று யாரும் சொல்லலாம். 2015இல் ஆனா ஐசரும் ஜோசப் டாயிலும் வெளியிட்ட சிகாகோ ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. வழக்கு எந்த நீதிபதியிடம் போகிறது என்பது அங்கே ஏறக்குறைய குலுக்கல் முறை. சில நீதிபதிகள் கண்டிப்பு, சிலர் இளக்கம். 35,000 பேருக்கு மேற்பட்ட சிறுவர்களின் பத்தாண்டுக் கணக்கை எடுத்து, ஒரே மாதிரிப் பையன்களில் நீதிபதி வேறானதால் மட்டும் உள்ளே போனவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே போனவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது 13 சதவீதப் புள்ளி குறைந்தது. பெரியவனானபின் சிறைக்குப் போவது 23 சதவீதப் புள்ளி கூடியது.

நம் மாவட்டத்தில் இதற்கு நிகரான வாய்ப்பு முதல் தகவல் அறிக்கைகளிலேயே இருக்கிறது. ஒரே தெரு, ஒரே சண்டை, ஒரே வழக்கு எண். ஒருவனுக்குப் பதினெட்டாக ஒரு மாதம் பாக்கி, அவன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். அவன் சித்தப்பா மகனுக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம், அவன் பெரிய சிறைக்குப் போகிறான். இருவர் வீட்டு வறுமையும் ஒன்று, படித்த பள்ளியும் ஒன்று. வயதைத் தீர்மானிக்கச் சட்டம் முதலில் பார்ப்பது பள்ளி அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது எட்டவேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் போட்ட மே, ஜூன் மாதப் பிறந்தநாளோடு நம் ஊரில் எத்தனை பேர்! இப்போது பிறப்புச் சான்றிதழ் வந்து இது குறைந்துவிட்டது, ஆனாலும் பழைய வழக்குகளில் நிச்சயம் தென்படும். சிறையில் இருப்பவர்களில் யாராவது சம்பவத்தன்று பதினெட்டு நிறையாதவராகத் தெரிந்தால், அதை அன்றே சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள். வயதுக் கோரிக்கையை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேலே சொன்ன இருவரைப் போல, ஒரே வழக்கில் வயதால் மட்டும் பிரிந்துபோன இணைகளைத் தேடுங்கள். இருபது இணைகள் கிடைத்தாலும் எனக்கு அது ஆயிரம் கேள்வித்தாளைவிட மேல்.

பிலடெல்பியா கேள்வித்தாளில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. சாதிச் சண்டையின் பழிக்குப் பழி. வெளியே வருகிற பையன் அடுத்து வெட்டப்படக்கூடியவனும்கூட. சொந்த ஊருக்குப் போனால் எதிர்த்தரப்பு காத்திருக்கும். சொந்தத் தரப்பு அரிவாளைக் கையில் கொடுத்து, மாலை போட்டு, அவன் படத்தை ஃப்ளெக்ஸில் வைக்கும். அவன் விலக நினைத்தாலும் விடமாட்டார்கள். மறுகுற்றத்தைத் தனி மனிதனின் மனக்கோளாறாக அளக்கும் அளவுகோல் இந்த இடத்தில் உதவாது. சிறைக்குள்ளும் அதே கதைதான். 2024 அக்டோபரில் சிறைகளில் சாதிவாரியாகப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பாளையங்கோட்டை சிறை பற்றிய பேச்சும் வருகிறது. பதினெட்டு வயதில் தன் சாதிக்காரர்கள் மட்டும் இருக்கும் பிளாக்கில் போடப்படுகிறவன், வழக்கில் பத்தாவது குற்றவாளியாக இருந்தவன், வெளியே வரும்போது அந்தச் சண்டையின் முழு வாரிசாக வருகிறான். இந்தச் சிறையே ஒரு காலத்தில் இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளியாக இருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தமிழக அரசுக்கு அளித்த இரண்டு அறிக்கைகளையும், 2023இல் கூர்நோக்கு இல்லங்களைப் பற்றியது, 2024இல் பள்ளிகளில் சாதியைப் பற்றியது, ஒருசேரப் படியுங்கள். இரண்டும் ஒரே பையன்களைப் பற்றியவை.

கேள்வித்தாளில் "மீண்டும் குற்றம் செய்தாயா?" என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வெளியே வந்த முதல் இரவு எங்கே படுத்தாய், மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்ததா, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடிந்ததா, வாய்தாவுக்குப் போக பஸ் காசு யார் கொடுத்தார்கள், ஊரில் இருக்கிறாயா அல்லது திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேளுங்கள். இல்லத்திலிருந்து வெளியேறியவனுக்குப் பதினெட்டு வயதுக்குப் பின்னும் பொருளுதவி தரச் சட்டத்தின் 46ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி ஒன்று இருப்பதை அவனிடம் யாராவது சொன்னார்களா என்பதையும் ஒரு கேள்வியாகச் சேருங்கள். சொல்லவில்லை என்றால் நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள். ஆய்வாளர் தலையிடக்கூடாது என்று உங்கள் துறையில் சொன்னால், நான் எழுதியதாகவே காட்டுங்கள்.

கேள்வித்தாள் தயாரானதும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.