சவரக் கத்திக்கு எந்தக் கல்? கேட்டவர்களுக்குப் பதில்

மடக்குச் சவரக் கத்தி ஒன்று வாங்கிவிட்டேன். கல்லுக்குப் பெரிய செலவு செய்ய முடியாது. குறைந்தது எத்தனை கல் வேண்டும், அண்ணா?

இரண்டே போதும். ஒரு 1000 (கல்லின் எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும்), அப்புறம் ஒருபக்கம் 4000 மறுபக்கம் 8000 உள்ள இருபுறக் கல். நார்ட்டன் கம்பெனியில் இந்த இருபுறக் கல் ரொம்ப நாளாக வருகிறது, கத்தி தீட்டக் கற்றுக்கொண்டவர்களில் பலர் அதில்தான் ஆரம்பித்தார்கள். 8000-லேயே முகம் எரியாமல் சவரம் செய்யலாம். 12000 எல்லாம் பிறகு ஆசைப்பட்டு வாங்கிக்கொள்வது.

நேராக 12000 கல் ஒன்றை மட்டும் வாங்கி அதிலேயே தீட்டினால்?

அதைத்தான் நானும் செய்தேன். பழைய கத்தி, புத்தம்புது மெருகுக்கல், மூன்று வாரம் தினமும் ராத்திரி உட்கார்ந்து தேய்த்தேன். கத்தி கண்ணாடி மாதிரி மின்னியது, ஆனால் ஒரு முடியைக்கூட வெட்டவில்லை. கத்தியின் வெட்டும் விளிம்பை வாய் என்போம், அதை ஒட்டி இருபக்கமும் சாய்வாகத் தீட்டப்படும் பரப்புதான் சரிவு. மின்னியது சரிவின் மேல்பாகம் மட்டும்தான், கல் வாய் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. இரண்டு பக்கச் சரிவும் வாயில் ஒன்றையொன்று தொட்டால்தான் கூர் என்று ஒன்று உண்டு. அதைத் தொடவைப்பது 1000-த்தின் வேலை. மேலே உள்ள கற்கள் அந்தக் கீறல்களை நுணுக்குகின்றன, அவ்வளவுதான்.

சரிவு வாய்வரை வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மார்க்கர் பேனாவை எடுத்து, வாயை ஒட்டி இரண்டு பக்கமும் கறுப்பாகப் பூசுங்கள். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படும்படி படுக்கவைத்து, அழுத்தாமல், கத்தியின் கனத்திலேயே ஒரே ஒரு இழுப்பு. இப்போது வெளிச்சத்தில் பாருங்கள், கைலென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. வாயின் ஓரத்தில் மயிரிழை அளவு கறுப்பு மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் கல் படவில்லை. பெரும்பாலும் நுனியிலோ அடியிலோதான் இப்படி மிஞ்சும். இழுக்கும்போது கத்தியைச் சற்றுக் குறுக்காக நகர்த்திக்கொண்டே போனால் அங்கேயும் படும். இன்னொரு அடையாளமும் உண்டு. கூர் ஏற ஏற, கத்திக்கு முன்னால் தள்ளப்பட்டுக்கொண்டிருந்த தண்ணீர் வாய்மேல் ஏறி வழிய ஆரம்பிக்கும். அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக ஏறினால் 4000-க்குப் போகலாம். வாயின் எந்த இடத்தால் வழித்தாலும் முன்கை முடி வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு கம்பெனி 8000-மும் இன்னொரு கம்பெனி 8000-மும் ஒன்றுதானா?

இல்லை, பலர் ஏமாறுவது இங்கேதான். நார்ட்டன் 8000-த்தின் துகள் சுமார் 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஷாப்டன் கம்பெனியின் கண்ணாடிக் கல்லில் (அடியில் கண்ணாடித் தகடு ஒட்டிய கல்) 4000 என்பதே 3.68 மைக்ரான், 8000 என்றால் 1.84. ஆகவே வாங்குவதற்கு முன் மைக்ரான் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள், அட்டைமேல் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

சமையல் கத்திக்கு வைத்திருக்கும் கல் ஆகுமா?

1000 என்றால் ஆகும், ஆனால் முதலில் தட்டையாக்கியாக வேண்டும். சமையல் கத்தி தீட்டிய கல் நடுவில் குழிந்திருக்கும். சவரக் கத்திக்கு முதுகுதான் கோணத்தைப் பிடித்துத் தருகிறது, கல் குழிந்தால் கோணமும் கெட்டுவிடும். கல்மேல் பென்சிலால் கட்டம்கட்டமாகக் கோடு போட்டு, வைரத்தூள் பதித்த தகட்டில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், எல்லாக் கோடும் அழியும்வரை. புதுக் கல்லையும் இப்படித்தான் செய்ய வேண்டும், பெட்டியிலிருந்து எடுத்ததும் தட்டையாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

200, 400 போன்ற கரடான கற்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். வாயில் பல் விழுந்த கத்திக்கு அது தேவைப்படலாம், ஆனால் முதல் கத்தியாக அப்படி ஒன்றை எதற்கு வாங்க வேண்டும்?

பெல்ஜியத்துக் காட்டிகூல் கல் பற்றிச் சொல்லுங்களேன்.

ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் கல், உள்ளே கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் நுண்ணிய மணிகள். சிறு துண்டுக் கல்லால் மேலே தேய்த்துப் பால்போலக் குழம்பாக்கினால் வேகமாக அரைக்கும், தண்ணீர் சேர்த்துச் சேர்த்து நீர்க்கவைத்தால் மெருகேற்றும். ஒரே கல்லில் முழு வேலையும் முடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இயற்கைக் கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். உங்கள் கையில் தப்பா கல்லில் தப்பா என்று கற்கும்போது தெரியாது. எனக்கு ரொம்பப் பிடித்த கல், இருந்தாலும் முதல் வருஷம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கல்லைத் தண்ணீரிலேயே ஊறப்போட்டு வைக்கலாமா?

நார்ட்டனை உபயோகிக்கும் முன் ஊறவைக்கலாம். ஷாப்டனுக்கு மேலே தெளித்தால் போதும். மெக்னீசியா பிணைப்புள்ள (துகள்களை மெக்னீசியாவால் ஒட்டிச் செய்த) கற்களை ஊறப்போட்டால் விரிசல் விடும், எனக்கு ஒன்று அப்படியே போனது.

தீட்டும்போது கத்தியின் முதுகில் டேப் ஒட்ட வேண்டுமா?

பழைய அலங்காரக் கத்தி என்றால் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், தேய்ந்தால் மாற்றுங்கள். மற்றபடி உங்கள் விருப்பம்.

8000 முடித்தும் முகத்தில் இழுக்கிறது.

தீட்டியபின் கத்தியை வழிக்கும் தோல்பட்டையில் எத்தனை தடவை வழித்தீர்கள்? முதுகு முன்னால் போக, பட்டையைத் தொய்யவிடாமல், ஐம்பது தடவை வழித்துவிட்டு மறுபடி சவரம் செய்து பாருங்கள். அப்போதும் இழுத்தால் மார்க்கரை எடுத்துக்கொண்டு 1000-க்குத் திரும்புங்கள்.