கஞ்சிக்குள் தூண்டில் இருக்கிறதா?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கொக்குவிலில் ஒரு முன்பள்ளி ஆசிரியை. உங்கள் எழுத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்தரம்.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். தெல்லிப்பழையில் வைத்தியம் நடக்கிறது. நாங்கள் சைவக்காரர், அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லூருக்குப் போகிறவர். வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்க வந்த வேதக்கார (கிறிஸ்தவ) அக்காமார் இரண்டு பேர் அம்மாவோடும் கதைக்கத் தொடங்கினார்கள். பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவுக்கென்றே தூக்குச்சட்டியில் கஞ்சி வந்தது. ஊசி ஏற்றிய கிழமை அம்மாவால் எதையும் வாயில் வைக்க முடியாது. உப்பைக் குறைக்கவா, தேசிக்காய் விடவா என்று கேட்டுக் கேட்டுக் கொண்டுவருவார்கள். இப்போது வீட்டுக்கும் வருகிறார்கள்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "உதெல்லாம் தூண்டில். இண்டைக்குக் கஞ்சி, நாளைக்கு ஞானஸ்நானம்" என்கிறார். அதற்கேற்ற மாதிரி போன மாதம் வேறொரு சபைக்காரர் வேனில் வந்தார்கள். ஒரு பொதியைத் தந்து, முடி கொட்டிய தலையோடு அம்மாவைப் படம் எடுத்து, தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்துவிட்டுப் போனார்கள். படம் அன்றைக்கே முகநூலில் வந்துவிட்டது. அம்மா இரவு முழுக்க அழுதார்.

இவர்களுக்கு உண்மையிலேயே இரக்கம் இருக்கிறதா, இல்லை எல்லாமே ஆள் சேர்க்கிற வேலைதானா? 95இல் நீங்கள் ஒரு வேதக்கோயிலில் அகதியாக இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அந்த அக்காமாரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

(பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருந்தார்)
கொக்குவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதீர்கள். முதலில் எழுதியது முழுக்க அந்த வேன்காரர்மேல் கோபமாகவே வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு கிழமை சும்மா இருந்தேன்.

மாமாவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அவருடைய பயத்துக்கு இருநூறு வயதாகிறது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கே வந்தபோது எதற்காக வந்தோம் என்பதை ஒளிக்கவில்லை. எங்களை வேதத்துக்குத் திருப்பத்தான் வந்தார்கள். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், மருந்து எல்லாம் அந்தப் பாதையில் வந்தவைதான். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீனும் அப்படித்தான் வந்தார்.

ஆனால் வந்தவர் என்ன செய்தார் என்றும் பார்க்கவேண்டும். வட்டுக்கோட்டையிலும் பிறகு மானிப்பாயிலும் இருந்து அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு மேலை வைத்தியம் படிப்பித்தார். இங்கிலீஷில் படித்த வைத்தியர் கொழும்புக்கும் வெளியூருக்கும் போய்விடுவார், தமிழில் படித்தவர்தான் கிராமத்தில் நிற்பார் என்று கணக்குப்போட்டு, தமிழில் படிப்பிக்கத் தொடங்கினார். அதற்குப் புத்தகம் வேண்டுமே! உடற்கூறு, சத்திர வைத்தியம், பிரசவம், இரசாயனம் என்று ஒவ்வொன்றாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஒரு தமிழன் கிறிஸ்தவனாவதற்கு வெள்ளைக்காரனைப் போல உடுக்கத் தேவையில்லை என்றும் சொன்ன மனிதர் அவர். ஆள் சேர்க்கிற எண்ணம் இருந்ததா? இருந்தது. கிராமத்துப் பிள்ளைத்தாச்சி சாகக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது. ஒரே மனிதருக்குள் இரண்டும் இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கனகாலம் எடுத்தது.

எங்கள் அம்மம்மா என் அம்மாவைப் பெற்றது இனுவில் மக்லியோட் ஆஸ்பத்திரியில். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று 1898இல் மிஷன் தொடங்கியது அது. அம்மம்மா திருநீறு பூசிக்கொண்டு போய், பிள்ளையோடு திருநீறு பூசிக்கொண்டே திரும்பி வந்தவர். அங்கே போன சைவப் பெண்களில் பெரும்பகுதி அப்படித்தான். தூண்டில் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மீன் இரையைத் தின்றுவிட்டுத் தன்பாட்டில் நீந்திப் போய்விட்டது.

இன்னொன்றையும் மாமாவுக்குச் சொல்லுங்கள். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர்தான் பிறகு மிஷனுக்கு எதிரே பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நிறுவினார். 1876-77 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்ததும் அவர்தான். நாங்கள் பாதிரிமாரைத் திட்டித் திட்டியே அவர்களிடமிருந்து படித்திருக்கிறோம். போட்டிக்குக் காய்ச்சினாலும் கஞ்சி கஞ்சிதான்.

சரி, 95க்கு வருகிறேன்.

அந்த வருடம் ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் கோயிலிலும் அதைச் சுற்றியும் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் விமானம் குண்டு போட்டது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நவாலி கூப்பிடு தூரம். இதைக் கண்ணால் கண்ட நாங்களேதான் ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகு, கொட்டுகிற மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போய், இன்னொரு வேதக்கோயிலுக்குள் பாயை விரித்தோம். வேறு இடம் இல்லை. எனக்கு அப்போது பதினேழு வயது.

அறுபது குடும்பம் இருந்திருப்போம். கக்கூஸ் இரண்டு. வாங்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மறைப்பு. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், ஜாம் போத்தல் விளக்குத்தான். அங்கிருந்த பாதருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. முதல்நாள் காலையிலேயே வெள்ளை அங்கியை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, மண்வெட்டியால் பின்வளவில் குழி வெட்டிக்கொண்டு நின்றார். கிடுகு கட்டி இன்னும் நாலு கக்கூஸ் வந்தது. பிரசங்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு மறக்காதது ஒரு கொப்பி. எண்பது பக்கப் பள்ளிக்கூடக் கொப்பி. இரண்டாம் நாள் அதோடு ஒவ்வொரு வாங்காக வந்தார். சாமான் பட்டியல் எடுக்கிறார், அரிசி தரப்போகிறார் என்று எல்லாரும் எழும்பி நின்றோம். அவர் கேட்டது வேறு. "சீனி வருத்தம் ஆருக்கு இருக்கு? பிரஷர்? முட்டு? வலிப்பு? பிள்ளைத்தாச்சி ஆரும் இருக்கினமோ, எத்தினையாம் மாசம்?" பெயர், வயது, என்ன வருத்தம், என்ன குளிசை, எத்தனை நாளைக்குக் கைவசம் இருக்கிறது, எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதினார். எங்கள் அப்புவுக்கு இன்சுலின். மருந்து போத்தலைக் குளிராக வைக்க அங்கே என்ன இருக்கிறது? ஒரு மண்பானையில் ஈரமணல் நிரப்பி, அதற்குள் போத்தலைப் புதைத்து, பாதர் தன் அறையில் கட்டிலுக்குக் கீழே வைத்தார். காலையும் பின்னேரமும் தண்ணீர் தெளிப்பது என் வேலை. குளிசை முடிந்தவர்களுக்காகச் சைக்கிளில் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வருவார். சிலநாள் கிடைக்கும், சிலநாள் வெறுங்கையோடு வந்து கொப்பியில் ஒரு புள்ளி போட்டுவைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடித்ததும் நாங்கள் சைவக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போகப் பார்த்தோம். "மழை பெய்யுது, உள்ளுக்கையே இருங்கோ. நீங்கள் படுக்கிற இடத்திலை நான் கொஞ்சநேரம் பூசை வைக்கிறன், அவ்வளவுதான்" என்றார். மார்கழியில் அம்மம்மா விடிய நாலு மணிக்குத் திருவெம்பாவை தொடங்கிவிடுவார். அதற்கு மட்டும் பாதர் ஒருதரம் முறையிட்டார். "அம்மா, கொஞ்சம் பிந்திப் பாடக்கூடாதோ? நான் படுக்கிறதே ரெண்டு மணிக்கு."

இந்தக் கொப்பியை வைத்துத்தான் நான் இன்றைக்கும் ஆட்களை அளக்கிறேன். இரக்கம் என்பது ஆருக்கு என்ன வருத்தம் என்று கேட்டு எழுதிக்கொள்வது என்று என் மண்டையில் பதிந்துவிட்டது. மன்னார் ஆயராக இருந்து மறைந்த இராயப்பு ஜோசப் ஆண்டகையை எனக்கு நெருக்கமாக்கியதும் அதுதான். அவர் எங்கள் நெடுந்தீவில் பிறந்தவர். 2011 ஜனவரியில் யுத்தத்தைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்கின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர், யுத்தம் முடிந்து வெளியே வந்ததாக ஐ.நா. சொல்வது 2,82,380 பேர், மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். வெறும் கழித்தல் கணக்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும். அன்றைய நிலையில் அதை உரத்துக் கேட்க ஆள் இருக்கவில்லை. சிலர் அந்த எண்ணோடு இன்றும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும், ஆனால் ஒவ்வொரு தலையையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு அந்த எண்பது பக்கக் கொப்பியாகவே தெரிகிறது.

கூட நின்றதற்காகவே காணாமல் போனவர்களும் உண்டு. 2006 ஆகஸ்ட் 13 அல்லைப்பிட்டியில் பிலிப் நேரியார் கோயிலில் தஞ்சமிருந்த சனத்தின்மேல் ஷெல் விழுந்தபோது, பங்குத்தந்தை ஜிம் பிரவுன் உயிர் தப்பியவர்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு கிழமைக்குள், 20ஆம் திகதி, கூடப் போனவரோடு சேர்ந்து அவரைக் காணவில்லை. சென் பற்றிக்ஸ் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் 2009 மே 18இல் இராணுவத்திடம் சரணடையப் போன புலிகளோடு தானும் போனார். போனவர்தான். வயதான மனிதர் தனியாகச் சனத்தோடு நடந்து வந்திருக்கலாம். இவர்கள் ஆளைச் சேர்த்தார்களா என்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் வெள்ளையடிக்க நான் தயாரில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம். யுத்தம் முடிந்த பிறகு நுண்கடன்காரர் ஊரூராக வந்தார்களே, அந்தக் கடன். வாராவாரம் கட்டவேண்டும், கட்டும்வரைக்கும் வசூல்காரப் பெடியன் முற்றத்தில் மோட்டார் சைக்கிளில் குந்திக்கொண்டு இருப்பான். மூன்றாவது கடனில் மனிதன் தூக்குப் போட்டுக்கொண்டார். அவர்கள் போகிற கோயிலில் பிரேதத்தை உள்ளே எடுக்கவில்லை. தற்கொலையாம், வழக்கமில்லையாம். நேரே சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இருந்தது, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. ரோமாபுரி விட்டதை எங்கள் ஆட்கள் விடவில்லை. ஒரே ஊரில் ஒரே சுவாமிக்குச் சாதி பார்த்து இரண்டு கோயில் கட்டிவைத்திருக்கிற ஆட்கள்தானே நாங்கள்! அதில் சைவம் வேதம் என்ற பேதமே இல்லை, அந்த ஒற்றுமையை என்னவென்று சொல்ல.

ஆனால் அதே கோயிலின் பெண்கள் நாலு பேர் அன்றிரவே அந்த வீட்டுக்கு வந்தார்கள். ஆரிடமும் அனுமதி கேட்கவில்லை. எட்டு நாள் முறைபோட்டு அந்தப் பெண்ணோடு படுத்தார்கள். ஐந்தாம் நாள் மோட்டார் சைக்கிள் வந்தபோது வாசலிலேயே மறித்து, "தம்பி, முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியட்டும், பேந்து வாரும்" என்று திருப்பி அனுப்பினார்கள். பெடியன் பேசாமல் போய்விட்டான். ஆகவே, சபைக்கு இரக்கம் இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒற்றைப் பதில் இல்லை. கதவைச் சாத்தியதும் அந்தக் கோயில்தான், இரவில் பாயோடு வந்ததும் அந்தக் கோயில்தான்.

வேன்காரர் விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. அம்மாவின் பெயரையாவது கேட்டார்களா? என்ன சாப்பிட முடியும் என்று கேட்டார்களா? நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி நேரே போய்ச் சொல்லுங்கள். எழுதிக் கேட்டால் "ஆண்டவருடைய சாட்சி" என்று ஏதாவது விளக்கம் வரும். போகும்போது மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய கோபத்துக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

கஞ்சி அக்காமாரை நிறுத்தட்டுமா என்று என்னைக் கேட்கிறீர்கள். வாய் கசக்கிறது உங்கள் அம்மாவுக்கு. அவரைத்தான் கேட்கவேண்டும். அவர்கள் ஜெபிக்க விரும்பினால் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும், அம்மா வேண்டாம் என்றால் விடுவார்கள். விடாவிட்டால் அப்போது எனக்கு எழுதுங்கள், நானும் மாமா கட்சிக்கு வருகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தத் தூக்குச்சட்டியைக் கழுவி வெறுமையாகவா கொடுத்துவிடுகிறீர்கள்? எங்கள் அம்மா வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பமாட்டார். கொக்குவிலில் முருங்கைக்காய்க்குப் பஞ்சமில்லையே. இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை நல்லூரிலிருந்து வருகிற வழியில் கொஞ்சம் கச்சான் வாங்கிப் போட்டு விடுங்கள்.

அன்புடன்,
அக்கா