கல்யாணப் பெண்ணின் ஜடை, சுட்டி, பூ: நிறப் பொருத்தம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அக்கா, முகூர்த்தத்துக்கு அரக்கு நிறக் காஞ்சிப்பட்டு, பச்சை பார்டர். தலைக்குச் சிவப்புக் கெம்புக் கல் பதிச்ச செட் சரியா வருமா?

பதில்: ஜாக்கெட் என்ன நிறம்னு பாருங்கம்மா. பின்னல் மேல கட்டுற நகையான ஜடைநாகம் தொங்குறது முதுகுல, அதாவது ஜாக்கெட் மேல. அரக்கு ஜாக்கெட்னா சிவப்புக் கல் அதோட கலந்துடும், தங்கப்பூச்சு மட்டும்தான் தெரியும். பார்டர் பச்சையில ஜாக்கெட் தைச்சா அதே செட் எடுப்பா இருக்கும். அரக்குலயே தைச்சாச்சுன்னா பச்சைக்கல்லும் ஓரத்துல முத்தும் வச்ச செட்டா எடுங்க. இல்லைன்னா ஜடைக்கு அடியில மல்லிகைச் சரத்தை நெருக்கமா வச்சுத் தைச்சு, அந்த வெள்ளை மேல ஜடைநாகத்தோட பில்லைகளை, அதாவது கல் பதிச்ச துண்டுகளைக் கட்டச் சொல்லுங்க. நெற்றிச்சுட்டி, வகிட்டுக்கு ரெண்டு பக்கமும் வைக்கிற சூரியப்பிறை, சந்திரப்பிறை மூணும் கறுப்பு முடியில உட்காருது. அங்கே சிவப்பு எப்பவும் நல்லாவே தெரியும்.

கேள்வி: ரிசப்ஷனுக்கு வெளிர் ரோஸ் பட்டு, வெள்ளி ஜரிகை. முகூர்த்தக் கெம்பு செட்டையே போட்டுக்கலாமா மேடம்?

பதில்: வேண்டாம். கெம்பு செட்டுக்குக் கொடுக்கிற ஆன்டிக் பூச்சு பழுப்பு கலந்த மஞ்சள். வெள்ளி ஜரிகை பக்கத்துல அது அழுக்கு படிஞ்ச மாதிரி தெரியும். நகையோட பூச்சு நிறத்தை முடிவு பண்றது ஜரிகைதான், புடவையோட உடல் நிறம் இல்லை. வெள்ளைக் கல், முத்து, வெள்ளி நிறப் பூச்சு எடுங்க. ரிசப்ஷன் முகூர்த்தத்துக்கு அப்புறம்னா கழுத்துல தாலி மஞ்சளா இருக்கும். அப்போ வளையல்லயாவது கொஞ்சம் தங்கம் சேர்த்தா தாலி தனியா நிக்காது.

கேள்வி: சிவப்புக் கூரைப்புடவைக்குக் கனகாம்பரம் வைக்கலாமா? மல்லிகை காலையிலேயே பழுத்துடுதே, ஏன்?

பதில்: சிவப்புக்குக் கனகாம்பரம் மட்டும் வச்சா ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நிறம், தூரத்துலேருந்து ஒண்ணாத் தெரியும். மல்லிகைக்கு நடுவுல ஒரு வரி கனகாம்பரம், ஓரத்துல மரிக்கொழுந்துப் பச்சைன்னு கட்டினா அழகு. பச்சை, நீலப் புடவைக்குக் கனகாம்பரத்தைத் தாராளமா வைங்க.

மல்லிகை மொட்டு ராத்திரியில விரியுற பூ. முந்தின நாள் கட்டிச் சும்மா வச்சிருந்தா விடியறதுக்குள்ள முழுசா மலர்ந்து, முகூர்த்த நேரத்துக்கு இதழ் ஓரம் பழுப்பாயிடும். இறுகின மொட்டா வாங்கி, பிழிஞ்ச ஈரத்துணியில சுத்தி ஃபிரிட்ஜ்ல வைங்க, விரியறது தள்ளிப்போகும். பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டினா உள்ளேயே வியர்த்து அழுகும்.

இன்னொண்ணு: புடவைக்கு மேட்சா வேணும்னு சாயம் ஏத்தின பூவைக் கேட்காதீங்க. வியர்வையும் பூவோட ஈரமும் பட்டா அந்தச் சாயம் ஜாக்கெட்ல இறங்கும், பட்டுல இறங்கினா போகாது. வாங்கியே ஆகணும்னா ஒரு பூவை ஈர வெள்ளைக் கைக்குட்டையில அழுத்திப் பார்த்துட்டு வாங்குங்க.

கேள்வி: கடையில அழகா இருந்த நீலக்கல் செட் மேடையில கறுப்பாத் தெரிஞ்சுதாம். எதனால?

பதில்: மஞ்சள் விளக்கு. அதுல சிவப்பும் தங்கமும் தூக்கலா வரும், நீலமும் கரும்பச்சையும் மங்கும். மேடை விளக்கு மஞ்சளா வெள்ளையான்னு டெக்கரேஷன்காரர்கிட்ட முன்னாடியே கேளுங்க. கடைக்குப் போகும்போது ஜாக்கெட் பிட்டைக் கையில எடுத்துட்டுப் போய், வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை, மஞ்சள் பல்புல ஒரு தடவை வச்சுப் பாருங்க.

கேள்வி: வாடகை செட்ல சில கெம்புக் கல் மட்டும் கறுத்திருக்கே?

பதில்: கெம்பைப் பின்பக்கம் மூடின குழியில, பளபளக்கிற தாள் வச்சுப் பதிப்பாங்க. அந்தத் தாள்லேருந்துதான் கல்லுக்கு ஒளி. வியர்வை, தண்ணி, ஹேர் ஸ்பிரே உள்ளே போனா தாள் கறுத்துடும், கல்லைத் துடைச்சுப் பிரயோஜனம் இல்லை. நாகர்கோவில் வடசேரியில வெள்ளியில செய்யுற கெம்பு நகைக்கும் தண்ணி ஆகாது. ஸ்பிரே எல்லாம் அடிச்சு, முடி காய்ஞ்ச பிறகு நகையை மாட்டுங்க. வாடகைக்கு எடுக்கும்போது ஒவ்வொரு பில்லையையும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க.

கேள்வி: சுட்டியில வெள்ளை முத்தா, சந்தன நிற முத்தா?

பதில்: தங்க ஜரிகைன்னா சந்தன நிறம். சுட்டி நுனிக்கும் குங்குமத்துக்கும் ஒரு விரல் இடைவெளி விடுங்க, முத்துல குங்குமம் ஏறினா சுத்தமாப் போறது கஷ்டம்.