அரசு உதவியை மட்டும் நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியுமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 34. திருப்பூர் மாநகராட்சிக்குள் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். பெயின்டராக இருந்த என் கணவர் இரண்டு வருடம் முன்பு மாரடைப்பில் இறந்துவிட்டார். மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. இருவரும் அரசுப் பள்ளி. நான் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கைமடி, செக்கிங் பார்க்கிறேன். ஒரு ஷிப்டுக்கு 320 ரூபாய். ஒன்றரை ஷிப்ட் பார்த்து 480 வாங்குகிறேன். இப்போது மாதத்துக்கு 20 நாள்தான் வேலை. விதவை பென்ஷன் 1,200 வருகிறது. வாடகை 3,000, கரண்ட் 300, மளிகை, காய், பால் 3,400, கேஸ் கணக்குக்கு 450, குழுக் கடன் தவணை 1,300 (இன்னும் ஏழு மாதம் இருக்கிறது), போன் 250, மருந்து, துணி, பள்ளிச் செலவு 900. தபால் ஆபீஸில் 20,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். அதுவரை தம்பியை மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டி வெந்துவிட்டது. அதிலிருந்து வேலையை விட்டுவிடலாமா என்று மனது அடித்துக்கொள்கிறது. அரசு கொடுப்பதை வைத்து மூன்று பேர் சாப்பிட முடியுமா? கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, வேலையை முழுவதும் விட முடியாது. ஆனால் மாலை அரை ஷிப்டை விடலாம். விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் மாதம் 9,600 ரூபாய். இதில் வீண் என்று சொல்ல ஒரு ரூபாய்கூட எனக்குத் தென்படவில்லை. வரவு, கூலி 9,600, பென்ஷன் 1,200, ஆக 10,800. வேலையை விட்டால் கையில் நிற்பது அந்த 1,200 மட்டும். மாநில அரசின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில்தான் 1,000இலிருந்து 1,200 ஆனது. ஒரு நாளைக்கு 40 ரூபாய். மூன்று பேர் இருக்கும் வீட்டில் அது வாடகையில் பாதிக்குக்கூடக் காணாது. கணவனை இழந்த ஒருத்தி பிள்ளைகளை வளர்க்க இது போதும் என்று யாராவது சொன்னால், அவர் ஒரு மாதம் அந்தப் பணத்தில் வீடு நடத்திப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் சேர்ந்து வருமா என்று நினைத்திருப்பீர்கள். விதவை ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது என்பது 2023இல் திட்டம் வந்தபோதே வைத்த விதி. இரண்டில் பெரிய தொகை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்து அந்த அரை ஷிப்ட். இரவு வரை கூடுதலாக நின்று நீங்கள் சம்பாதிப்பது 160 ரூபாய். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டும். சின்ன யூனிட்டுகளில் ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்றரைக் கூலி என்பதே வழக்கமாகிவிட்டது, கேட்பவருக்கு மறுநாள் வேலை இருக்குமா என்ற பயமும் நியாயமானது. அதை நீங்கள் தனியாக மாற்ற முடியாது. ஆனால் அந்த அரை ஷிப்டால் மாதம் கிடைப்பது 3,200 ரூபாய்தான் என்பதை மனதில் வையுங்கள். மகள் அடுப்படியில் நிற்பது இந்த 3,200க்காகத்தான். இதை வேறு வழியில் நிரப்ப முடிந்தால் ஐந்தரை மணிக்கு நீங்கள் வீட்டுக்குக் கிளம்பலாம்.

அந்த வழி இருக்கிறது. நீங்கள் இதுவரை கேள்விப்படவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ‘ஸ்பான்சர்ஷிப்’ என்று ஒரு நிதி ஆதரவு உண்டு. தகப்பனை இழந்த குழந்தை, பெற்றோர் பிரிந்து தாயிடம் மட்டும் வளரும் குழந்தை போன்றோருக்கு, குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. முன்பு 2,000ஆக இருந்தது, 2022இல் வந்த புதிய வழிகாட்டுதலில் இரட்டிப்பாகியது. பிள்ளையை விடுதியிலோ இல்லத்திலோ விடாமல் சொந்த வீட்டிலேயே வளர்க்கத் தாய்க்குக் கைகொடுப்பதுதான் இதன் நோக்கம். உங்களைப் போன்ற வீட்டுக்காகவே எழுதிய திட்டம் இது. தாலுகா ஆபீஸில் பென்ஷனுக்கு அலைந்த பெண்களுக்குக்கூட இது தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். இது வேறு துறை, வேறு அலுவலகம் என்பதால் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இதற்கு வருமான வரம்பு உண்டு. கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. நீங்கள் மாநகராட்சிக்குள் இருப்பதால் 96,000 கணக்கு. இப்போதைய ஒன்றரை ஷிப்ட் கூலியே ஆண்டுக்கு 1,15,200 ஆகிறது, வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஒரு ஷிப்ட் மட்டும் பார்த்தால் மாதம் 6,400, ஆண்டுக்கு 76,800. பென்ஷனையும் சேர்த்துக்கொண்டால்கூட 91,200. வரம்புக்குள் வந்துவிடுகிறீர்கள். இரவு ஒன்பது வரை உழைத்தால் உதவி கிடையாது, குறைத்தால் உண்டு என்பது கேட்க வேதனையாகத்தான் இருக்கிறது. விதி அப்படி இருக்கும்போது, அதைத் தெரிந்து முடிவெடுப்பதுதான் உங்களுக்கு நல்லது. ஒன்று மட்டும்: வருமானச் சான்றில் உண்மையைச் சொல்லுங்கள். அரை ஷிப்டை நிஜமாகவே விட்ட பிறகு, வாரக் கூலிச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். குறைத்துக் காட்டி வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஆளிடம் சிக்காதீர்கள். நாளை விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

விண்ணப்பம் கொடுக்க வேண்டிய இடம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. கணவரின் இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று, ரேஷன் அட்டை, வருமானச் சான்று, பிள்ளையும் நீங்களும் சேர்ந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்துத் தாலுகா அலுவலகத்திலிருந்து வரும். அப்புறம் அலகிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். மகளின் கை வெந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல தாய் இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். உதவி ஏன் தேவை என்பதற்கு அதைவிடத் தெளிவான காரணம் இல்லை. விண்ணப்பம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் கிடைத்தால் 8,000, பென்ஷனோடு 9,200. உங்கள் செலவுக்கு 400 ரூபாய்தான் குறைகிறது, அப்படியென்றால் வேலையே வேண்டாமே என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். இந்த உதவி கேட்டவர்கள் எல்லோருக்கும் உடனே கிடைப்பதில்லை. ஒதுக்கிய நிதிக்குள் ஒரு குழு பார்த்து ஒப்புதல் தருகிறது, பிறகும் அவ்வப்போது மறுபரிசீலனை செய்கிறது. பிள்ளை தொடர்ந்து பள்ளிக்குப் போக வேண்டும். சம்பளம் போல முதல் தேதியில் வரும் என்று வாடகைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மகளுக்கு இன்னும் ஆறேழு வருடத்தில் 18 ஆகிவிடும். அன்றைக்கு உங்களுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், இத்தனை வருடம் வேலையை விட்டிருந்தால் மறுபடி பழைய கூலிக்குக்கூட உள்ளே நுழைவது சிரமம். உதவிப் பணம் நின்றாலும் அடுப்பு எரிய வேண்டுமென்றால் பகல் ஷிப்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சரி, ஒரு ஷிப்டோடு கணக்குப் போடுவோம். கூலி 6,400, பென்ஷன் 1,200, மொத்தம் 7,600. செலவு 9,600. துண்டு விழுவது 2,000. ஒரு பிள்ளைக்கு மட்டும் ஸ்பான்சர்ஷிப் கிடைத்தாலே துண்டு அடைந்து 2,000 மிஞ்சும். இரண்டு பேருக்கும் கிடைத்தால் 6,000 மிஞ்சும். எதுவுமே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மாதத்துக்கு 14,000 ரூபாய் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். உங்களிடம் 20,000 இருக்கிறது. ஏழாவது மாதம் குழுக் கடன் முடிந்ததும் செலவு 8,300 ஆகிவிடும், துண்டு 700 ரூபாய்தான். அந்த 700ஐ சீசன் நேரத்தில் கூடுதலாகக் கிடைக்கும் நாட்களோ தீபாவளி போனஸோ தாங்கிக்கொள்ளும். அதாவது உதவி வருவதற்காகக் காத்திராமல் இந்த மாதமே ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்பிவிட உங்களால் முடியும். சேமிப்பு எதற்கு இருக்கிறது? மகள் கையில் கொதிகஞ்சி படாமல் இருக்கத்தான்.

உங்கள் 9,600 ரூபாய் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணமே பணமாக வராத உதவிகள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. மகனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு, இருவருக்கும் மதியம் முட்டையோடு சத்துணவு. டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் இல்லை. இவற்றையெல்லாம் கடைவிலைக்கு வாங்கினால் இந்தக் கூலியில் குடும்பம் ஒரு மாதம்கூட ஓடாது. இதில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். உங்கள் ரேஷன் அட்டை அந்தியோதயா வகையா என்று பாருங்கள். நிலையான வருமானம் இல்லாத, விதவை தலைமையிலான குடும்பம் அதற்குத் தகுதியானது, மாதம் 35 கிலோ அரிசி உண்டு. இல்லையென்றால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்து வையுங்கள்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் அதையும் எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இப்படிப்பட்ட குடும்பங்களை வட்டிக்கடைக்கு இழுத்துப்போவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுதான்.

கணவரின் பழைய பாஸ்புக்கை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. பாலிசி நடப்பில் இருந்தபோது இறந்திருந்தால் 2 லட்சம் ரூபாய் வர வேண்டும். தாமதமாகிவிட்டது என்று நீங்களாகவே விட்டுவிடாமல், வங்கியில் எழுத்தில் கேளுங்கள். பெயின்டர் என்பதால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருந்தாரா என்றும் தேடுங்கள். பதிவு இருந்தால் இறப்பு உதவி பற்றித் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். அதே காப்பீட்டை உங்கள் பெயரிலும் போடுங்கள். ஜீவன் ஜோதி 436, விபத்துக்கான சுரக்ஷா பீமா 20, வருடத்துக்கு மொத்தம் 456 ரூபாய். உங்களை விட்டால் இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பாதிக்க யாரும் இல்லை என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாமினியாகப் பிள்ளைகளைப் போடும்போது, அவர்கள் மைனர் என்பதால் நீங்கள் நம்பும் ஒரு பெரியவரின் பெயரையும் காப்பாளராகக் குறிக்க வேண்டும்.

ஸ்பான்சர்ஷிப் பணம் வரத் தொடங்கினால் மகளை இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளியில் சேர்க்கலாமே என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அவளுக்கு 18 ஆகி ஒரு உதவி நிற்கிற நேரத்தில் இது தொடங்கும். மகனுக்கு அதே போலத் தமிழ்ப் புதல்வன். மிஞ்சும் பணத்தில் முதலில் தபால் ஆபீஸ் சேமிப்பை மறுபடி 20,000 ஆக்குங்கள். பிறகு மகள் பெயரில் ஆர்.டி. போடலாம்.

கடைசியாக அந்தக் குழுக் கடன். ஏழாவது மாதம் தவணை முடியும் முன்பே, ‘நல்லா கட்டியிருக்கீங்க அக்கா, அடுத்த லோன் இன்னும் பெருசா தர்றோம்’ என்று ஆள் வருவார். பக்கத்து வீட்டுப் பெண்களும் குழு கலையக்கூடாது என்று வற்புறுத்துவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். அந்த 1,300 உங்கள் கையில் நின்றால்தான் மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்ப முடியும்.