அறிவிப்புக்குக் கருத்துச் சொல்ல 49 டாலரா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். கணவர் குடியுரிமைக்கு என்-400 படிவம் போடத் தயாராகிறார். பச்சை அட்டைக்கு நான் போட்ட ஐ-485 நிலுவையில் இருக்கிறது. பிற்பாடு மாமியாரையும் அழைத்துக்கொள்ள எண்ணம். குடியேற்றப் படிவங்களில் புதிய கேள்விகளைச் சேர்க்கப்போகிறார்களாம். 60 நாளுக்குள் பொதுமக்கள் கருத்துச் சொல்ல வேண்டுமாம், சொல்லாவிட்டால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வார்களாம். இப்படி ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. எங்கள் குழுவில் ஒருவர் ஆளுக்கு 49 டாலர் வாங்கிக்கொண்டு ஆட்சேபம் பதிவு செய்து தருவதாகச் சொன்னார். பணமும் கட்டிவிட்டோம், ஏ-நம்பர் என்ற குடியேற்ற அடையாள எண், விண்ணப்பத்தின் ரசீது எண் எல்லாமும் கொடுத்துவிட்டோம். கருத்து எழுதியே ஆக வேண்டுமா? எதிர்த்து எழுதினால் எங்கள் கேஸுக்கு ஆபத்தா? ஓ.எம்.பி. எண் இல்லாத படிவத்தை நிரப்பவே வேண்டாம் என்றும் அவர் சொல்கிறாரே, சரியா?

பதில்: எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. எழுதாதவர் சம்மதித்தவர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுதுவதற்கு ஒரு சென்ட் கூடக் கட்டணம் கிடையாது. இந்த மூன்றையும் முதலில் உங்கள் குழுவில் போட்டுவிடுங்கள், அப்புறம் மேலே படியுங்கள்.

அமெரிக்காவில் ஒரு மத்திய அரசுத் துறை பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்க வேண்டுமென்றால், அது படிவமோ சர்வேயோ, வெள்ளை மாளிகையின் கீழ் இருக்கும் ஓ.எம்.பி. என்ற பட்ஜெட் அலுவலகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு முன் அறிவிப்புப் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்த படிவத்தில் அச்சாகும் எண்தான் ஓ.எம்.பி. எண். 1980இல் வந்து 1995இல் திருத்தி எழுதப்பட்ட பேப்பர்வொர்க் ரிடக்‌ஷன் ஆக்ட் சொல்வது இது. பெயர் என்னவோ காகித வேலையைக் குறைக்கும் சட்டம். ஒரே படிவத்துக்கு இரண்டு அறிவிப்பும் ஒரு கட்டு விளக்க அறிக்கையும் போடவைத்ததுதான் மிச்சம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. அனுமதி அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு. அதனால் நீங்கள் பார்க்கும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை பழைய படிவத்துக்கு அனுமதியை நீட்டிக்கும் சடங்குதான். சிலவற்றில் மட்டுமே புதிய கேள்வி இருக்கும்.

அந்தச் சிலவற்றில் ஒன்று 2025 மார்ச் 5ஆம் தேதி வந்தது. என்-400, ஐ-485 உட்பட ஒன்பது படிவங்களில் சமூக ஊடகக் கணக்குப் பெயர்களைக் கேட்கப்போவதாக, குடியேற்ற விண்ணப்பங்களைக் கவனிக்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். துறை அறிவித்து, மே 5 வரை கருத்துக் கேட்டது. மறுநாளே சட்டம் வந்துவிட்டது என்று எனக்கு வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை. அறிவிப்பு வேறு, படிவம் மாறுவது வேறு. விசாவுக்கான டி.எஸ்.-160 படிவத்தில் ஐந்து வருடச் சமூக ஊடகப் பெயர்களைக் கேட்கப்போவதாக வெளியுறவுத் துறை அறிவித்தது 2018 மார்ச் 30இல். கேள்வி படிவத்தில் ஏறியது 2019 மே 31இல். நடுவே பதினான்கு மாதம்.

ஆகவே உங்கள் கணவர் இன்றைக்கு யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் இருக்கும் படிவத்தையே நிரப்பட்டும். பக்கத்தின் அடியில் எடிஷன் தேதி இருக்கும், அந்தப் படிவத்துக்கான பக்கத்தில் எந்த எடிஷனை ஏற்கிறார்கள் என்று எழுதியிருக்கும், இரண்டும் பொருந்தினால் போதும். மேலே மூலையில் ஓ.எம்.பி. எண்ணோடு ஒரு காலாவதித் தேதி போட்டிருப்பார்கள். அது தாண்டியிருந்தால் பதற வேண்டாம், எடிஷன் தேதிதான் முக்கியம். கருத்துக் கேட்கும் பக்கத்தில் திருத்தப்போகும் படிவத்தின் வரைவும் கிடக்கும். அதை இறக்கி நிரப்பி அனுப்பி, திரும்பி வந்த கட்டோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. வரைவை வாசிக்கலாம், நிரப்பக் கூடாது.

இனி 49 டாலர்காரர். கருத்துச் சொல்லும் இடம் ரெகுலேஷன்ஸ் டாட் கவ் என்ற அரசுத் தளம். அறிவிப்பில் டாக்கெட் எண் என்று அதன் கோப்பு எண் இருக்கும். அதைத் தேடல் பெட்டியில் இட்டால் பக்கம் வரும், கருத்துப் பொத்தானை அழுத்தி எழுதி அனுப்ப வேண்டியதுதான். பத்து நிமிட வேலை. குடிமகனாக இருக்க வேண்டும், பச்சை அட்டை வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. இதற்கு இடையில் ஒருவர் நின்று காசு வாங்குகிறார் என்றால், நம் ஊரில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் கூட இவரைவிட நியாயமானவர். அவர் எழுதவாவது செய்வார். இவர் ஒரே வாசகத்தை இருநூறு பேர் பெயரில் ஒட்டிவிடுவார். ஒரே வாசகம் இருநூறு முறை வந்தால் துறை அதை ஒரு கருத்தாகக் கட்டி ஓரமாக வைத்துவிடும். 2017இல் இணையச் சமநிலை விதி பற்றி எஃப்.சி.சி. என்ற தகவல் தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டபோது 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் குவிந்தன. அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2021இல் அறிக்கை கொடுத்தார். லட்சக்கணக்கானவர்களின் பெயர் அவர்களுக்கே தெரியாமல் பயன்பட்டிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு மொத்தமாக வரும் ஆட்சேபத்துக்கு என்ன மரியாதை இருக்கும்?

அந்த 49 டாலர்காரர் தன்னை நோட்டரி என்று சொல்லிக்கொண்டாரா? நம்மவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இந்தியாவில் நோட்டரி என்றால் கறுப்புக் கோட்டு வக்கீல் நினைவுக்கு வருவார். இங்கே நோட்டரி பப்ளிக் என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி சொல்கிறவர், அவ்வளவுதான். மளிகைக் கடைக்காரர் கூட நோட்டரியாக இருக்கலாம். குடியேற்ற விஷயத்தில் சட்ட ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர் உரிமம் பெற்ற வக்கீல், இல்லையென்றால் மத்திய அரசின் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் அங்கீகரித்த பிரதிநிதி. ஏஜென்ட், கன்சல்டன்ட், சங்கத்தில் பெரிய ஆள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

பணம் போனது சின்ன விஷயம். எண்களைக் கொடுத்ததுதான் எனக்குக் கவலை. ரசீது எண் கையில் இருந்தால் உங்கள் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் இணையத்தில் பார்க்கலாம். நாளைக்கே ஒருவர் அதிகாரி மாதிரிப் பேசி, உங்கள் கேஸில் சிக்கல் என்று தேதி சொல்லி, கிஃப்ட் கார்டு வாங்கச் சொன்னால் நம்பத் தோன்றும். இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தளத்தில் இடும் கருத்து, அதில் நீங்கள் தரும் சொந்த விவரத்தோடு, மாற்றாமல் அப்படியே வெளியாகும் என்று யு.எஸ்.சி.ஐ.எஸ். தன் அறிவிப்பிலேயே எச்சரிக்கிறது. தனிப்பட்ட கேஸின் நிலையை விசாரிக்க இது இடமில்லை என்றும் சொல்கிறது. அதையும் மீறி, எனக்குத் தெரிந்த ஒருவருடைய பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாவற்றையும் இப்படி ஓர் ஆள் கருத்துப் பெட்டியில் கொட்டிவைத்தார். உலகமே பார்க்கலாம்.

எதிர்த்து எழுதினால் ஆபத்தா என்று கேட்டீர்கள். கருத்து என்பது உங்கள் கேஸ் கோப்பின் பகுதி இல்லை. கருத்து எழுதியதற்காக விண்ணப்பம் மறுக்கப்பட்டதாக என் அனுபவத்தில் ஒன்று கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சமூக ஊடகத்தையே படித்துப் பார்க்கப்போகிறோம் என்று துறை சொல்லும் காலத்தில் உங்கள் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தளத்திலேயே பெயர் சொல்லாமல் அனுப்ப ஒரு தேர்வு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். சொன்ன விஷயத்தில் சரக்கு இருந்தால் யார் சொன்னார் என்பது இங்கே பெரிதில்லை.

எது சரக்கு? இந்தச் சட்டம் மக்களிடம் கேட்பது ஆதரவா எதிர்ப்பா என்றில்லை. இந்தத் தகவல் துறையின் வேலைக்கு உண்மையில் தேவையா, நிரப்ப ஆகும் நேரத்தைச் சரியாகக் கணக்கிட்டார்களா, கேள்வியைத் தெளிவாக்க முடியுமா, சுமையைக் குறைக்க வழி உண்டா என்றுதான் கேட்கிறது. இரண்டாவது கேள்விதான் சாதாரண மனிதருக்குக் கைகொடுக்கும். நான் சொன்ன 2025 அறிவிப்பில் ஓர் ஆளுக்கு ஆகும் நேரம் 0.08 மணி என்று போட்டிருந்தார்கள். அதாவது ஐந்து நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. எப்போதோ திறந்து மறந்துபோன கணக்குகளின் பெயரையெல்லாம் ஒருவர் ஐந்து நிமிடத்தில் தேடி எழுதிவிடுவாராம்! இந்தக் கணக்கைப் போட்டவர் ஒரு முறையாவது தன் பழைய கணக்குகளைத் தேடிப் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை.

சட்டத்தில் சுமை என்றால் பேனா பிடிக்கும் நேரம் மட்டும் இல்லை. ஆவணம் தேடும் நேரம், செலவு எல்லாம் சேர்த்தி. உங்கள் மாமியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1970 ஏப்ரலுக்கு முன் பிறந்தவராக இருந்தால் பிறப்புப் பதிவு இல்லாமலே இருக்கலாம், ஏனென்றால் இந்தியாவின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1970 ஏப்ரல் 1இல்தான். அப்போது பதிவு இல்லை என்பதற்கு ஒரு நான்-அவைலபிலிட்டி சான்று வாங்கி, கூடவே பள்ளிச் சான்றோ வேறு ஆதாரமோ சேர்க்க வேண்டும். அதற்காக நகராட்சி அலுவலகத்துக்கு எத்தனை நடை, எத்தனை வாரம், எவ்வளவு செலவு? வாஷிங்டனில் உட்கார்ந்து மணிக்கணக்குப் போடுகிறவருக்கு இது எப்படித் தெரியும்? இந்த விவரத்தை, எந்தப் படிவம், எந்தக் கேள்வி என்று குறிப்பிட்டு எழுதினால் அது பதில் சொல்லியாக வேண்டிய கருத்து. எங்களைக் கஷ்டப்படுத்தாதீர்கள் என்று மொட்டையாக எழுதினால் நன்றி, மாற்றமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

நம் பெயர்ப் பிரச்சினையும் அப்படித்தான். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொண்ட நமக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்து, விசாவில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்தே முதல் பெயராக ஏறி, அதை வங்கியிலும் லைசென்ஸ் ஆபீஸிலும் விளக்கியே ஓய்ந்துபோனவர்கள் நிறையப் பேர். ஒற்றைப் பெயர்க்காரர் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அறிவுரைத் தாளில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். செலவில்லாத திருத்தம். எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வாக்கியம் போதும். டாக்கெட் எண், ஓ.எம்.பி. எண் இரண்டையும் மேலே எழுதிவிடுங்கள். ஐ-485க்கு அது 1615-0023, என்-400க்கு 1615-0052.

60 நாள் முடிந்ததும் கதை முடிவதில்லை. துறை தனக்கு வந்த கருத்துகளைச் சுருக்கி, என்ன செய்தோம் என்றும் எழுதி ஓ.எம்.பி.க்கு அனுப்பும். இன்னொரு அறிவிப்பு வரும், அதற்கு 30 நாள். இந்த முறை கருத்து ரெக்இன்ஃபோ டாட் கவ் தளத்தின் வழியாக நேரே ஓ.எம்.பி.க்குப் போகும். முடிவெடுப்பவர் அங்கேதான் இருக்கிறார். ஏற்கெனவே எழுதிவிட்டோமே என்று எல்லோரும் ஓய்ந்துபோவதும் அங்கேதான். முதல் சுற்றில் நீங்கள் சொன்னதற்குத் துறை பதில் சொல்லாமல் விட்டிருந்தால், அதைச் சுட்டிக்காட்ட இதுவே இடம். ஒரே விஷயத்துக்கு இரண்டு தளம், இரண்டு தேதி, இரண்டு எண். சாதாரண ஜனங்கள் வழி தெரியாமல் திரும்பிப் போகட்டும் என்றே வைத்தது போல இருக்கிறது, என்ன செய்ய.

அடுத்து, ஓ.எம்.பி. எண் இல்லாவிட்டால் படிவத்தை நிரப்ப வேண்டாம் என்ற பேச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட ஆளைக் கவிழ்க்கும். செல்லுபடியாகும் எண் இல்லாத படிவத்துக்குப் பதில் சொல்லவில்லை என்பதற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பது நிஜம். இதைப் பிடித்துக்கொண்டு, வருமான வரிப் படிவம் 1040இல் எண்ணில் கோளாறு, ஆகவே வரி கட்ட வேண்டாம் என்று கிளம்பியவர்கள் உண்டு. நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில் ஒன்றுதான்: வரிக் கணக்குக் காட்டும் கடமை படிவத்திலிருந்து பிறக்கவில்லை, நாடாளுமன்றம் போட்ட வரிச் சட்டத்திலிருந்து பிறக்கிறது, படிவத்தில் எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடமை நிற்கும். இப்படி வாதிட்டுக் கணக்கு அனுப்பினால் அற்ப வாதம் என்று வரித் துறையான ஐ.ஆர்.எஸ். 5,000 டாலர் அபராதம் போடலாம். வரியோடு வட்டியும் சேரும். உங்கள் கணவர் குடியுரிமை கேட்கிறவர், அந்த விண்ணப்பத்தில் வரிக் கணக்கு ஒழுங்காகக் காட்டினீர்களா என்று கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். குடியேற்றப் படிவத்தில் இந்த வாதத்துக்கு வேலையே இல்லை. மேல் மூலையில் எண் அச்சாகியிருக்கிறது. தவிர, பயன் கேட்டு நாம்தான் அவர்களிடம் போகிறோம். கேள்வியைக் காலியாக விட்டால் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வரும், இல்லாவிட்டால் விண்ணப்பமே திரும்பி வரும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. டாக்கெட் பக்கத்தில் உங்கள் இருவர் பெயரையும் தேடிப் பாருங்கள். கருத்து வெளியாகியிருந்து அதில் ஏ-நம்பரோ ரசீது எண்ணோ தெரிந்தால், அறிவிப்பில் தொடர்புக்குப் போட்டிருக்கும் அலுவலகத்துக்கு எழுதி அதை மறைத்துத் தரக் கேளுங்கள். 49 டாலரை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்தில் டிஸ்ப்யூட் போடுங்கள். நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் எஃப்.டி.சி.யின் மோசடிப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள், அதுவும் இலவசம். யு.எஸ்.சி.ஐ.எஸ். கணக்கின் கடவுச்சொல்லை இன்றிரவே மாற்றிவிடுங்கள். அதையும் அவரிடம் கொடுத்திருந்தால் நாளை வரை காத்திருக்காமல் இப்போதே.