நொண்டி நொண்டி நடந்தவன்

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் டயாலிசிஸ் செய்தோம். எங்கள் சபை மூப்பர் ஒருவர், "யாக்கோபு விடிய விடியப் போராடினான் இல்லையா, அப்படிப் போராடி ஜெபியுங்கள், கிடைக்காமல் போகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனையோ இரவு முழங்காலில் இருந்தேன். போன மார்ச்சில் அவர் போய்விட்டார். இப்போது அதே மூப்பர், "கடைசியில் பிடியை விட்டுட்டீங்க போல" என்கிறார். எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. வந்தால் சண்டைதான் வருகிறது. நான் பிடியை விட்டுவிட்டேனா? கடவுளோடு சண்டை போடுவது பாவமா? அடுத்த மாத முழு இரவு ஜெபத்தில் சாட்சி சொல்ல வேறு கூப்பிடுகிறார்கள்.
பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பெண்ணிடம் சொல்கிற பேச்சா அது? அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் யாக்கோபின் கதையை அவர் பாதிதான் படித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாமன் லாபானிடம் 20 வருடம் உழைத்துவிட்டு, மனைவி மக்கள், ஆடு மாடுகளோடு யாக்கோபு ஊர் திரும்புகிறான். அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு ஓடிப்போனவன் அவன். அந்த அண்ணன் 400 ஆட்களோடு எதிரே வருவதாகத் தகவல் வருகிறது. யாக்கோபுக்கு உதறல் எடுக்கிறது. ஒன்று போனாலும் மற்றது தப்பட்டும் என்று கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறான். அண்ணனைச் சாந்தப்படுத்த வெள்ளாடு, செம்மறி, ஒட்டகம், மாடு, கழுதை என்று மந்தை மந்தையாக அனுப்புகிறான். ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550 உருப்படி தேறும். ஆள் லேசுப்பட்டவன் இல்லை. இதற்கு நடுவில் ஜெபமும் செய்கிறான்: அண்ணன் கையிலிருந்து என்னைத் தப்புவியும், பிள்ளைகளையும் தாய்மாரையும் அவன் வெட்டிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது என்று.

உங்கள் கணவருக்காக நீங்கள் செய்த ஜெபத்துக்குச் சமமானது இதுதான். மல்யுத்தம் தொடங்கும் முன்பே அதை அவன் கேட்டு முடித்துவிட்டான். அந்த நேரத்தில் பதில் ஒன்றும் வரவில்லை.

இரவில் குடும்பத்தை யாப்போக்கு ஆற்றைக் கடக்கச் செய்துவிட்டுத் தனியாக இருக்கிறான். அப்போதுதான் யாரோ வந்து மோதுகிறார். "யாக்கோபு போராடினான்" என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. வேதத்தில் இருப்பதோ, ஒரு புருஷன் அவனோடு போராடினார் என்பது. முதலில் கை வைத்தது யாக்கோபு அல்ல. விடியும்வரை நடந்த அந்தச் சண்டையில் ஏசாவின் பெயரை அவன் ஒருமுறைகூட எடுக்கவில்லை. அண்ணனிடமிருந்து காப்பாற்று என்று கேட்டுத்தான் மல்லுக்கு நின்றான் என்றால், அந்த ஒரு வரி அங்கே இருந்திருக்க வேண்டாமா? வேண்டியதைப் பிடுங்கி வாங்கும் ஜெப முறையாக இதை எப்படி எடுப்பது என்று எனக்குப் புரியவில்லை.

வந்தது யார் என்பதில் யூத அறிஞர்களே ஒருமித்துப் பேசியதில்லை. எபிரெயத்தில் 'ஈஷ்', அதாவது ஓர் ஆள், அவ்வளவுதான். ஓசியா தீர்க்கதரிசி தூதன் என்கிறார். பழைய யூத விளக்க மரபு ஒன்று, அது ஏசாவின் காவல் தூதன் என்கிறது. 12ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ரஷ்பாம், யாக்கோபு அந்த இரவில் நழுவி ஓடப் பார்த்தான், ஓடவிடாமல் பிடித்து வைக்கத்தான் தூதன் வந்தான் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஒரு புருஷன்' என்று தொடங்கிய வாக்கியம் 'தொட்டார்' என்று முடிகிறது. எபிரெய வினைச்சொல்லில் இந்த மரியாதை விகுதி கிடையாது. யார் யாரைத் தொட்டார் என்பதே அங்கே ஒரு கணம் குழப்பமாகத்தான் இருக்கும். அந்த இருட்டில் யாக்கோபுக்கே தெரியாததைத் தமிழ் இலக்கணம் நமக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. நடந்த வரிசையைப் பாருங்கள். முதலில், வந்தவர் தொட்டதில் யாக்கோபின் தொடைச்சந்து சுளுக்குகிறது. அதற்குப் பிறகுதான், "நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்" என்கிறான். தொடை மூட்டு பிசகியவனால் காலை ஊன்ற முடியுமா? எதிராளியின் மேல் தொங்கத்தான் முடியும். விட்டால் விழுந்துவிடுவான். பிரசங்க மேடையில் வீர வசனமாக ஒலிக்கிற அந்த வரியை, நிற்க முடியாத ஒருவன் சொன்னதாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவன் அழுது கெஞ்சினான் என்று ஓசியா 12ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. வாய் வரவில்லை, வந்தால் சண்டைதான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பிடியை விட்டவர் எழுதுகிற கடிதமாக எனக்குத் தெரியவில்லை.

பாவமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த இரவின் முடிவில் யாக்கோபுக்குத் திட்டு விழவில்லை. உன் பெயர் என்ன என்று கேட்கிறார். ஒரு காலத்தில் பார்வை மங்கிய தகப்பன் நீ யார் என்று கேட்டபோது, நான் ஏசா என்று பொய் சொல்லி ஆசீர்வாதம் வாங்கியவன், இந்தமுறை யாக்கோபு என்கிறான். இஸ்ரவேல் என்ற புதுப் பெயர் கிடைக்கிறது. காரணத்தையும் அவரே சொல்கிறார்: தேவனோடும் மனிதரோடும் போராடி மேற்கொண்டாய், அதாவது ஜெயித்தாய். கடவுளோடு போராடியதற்காக வைத்த பெயரை ஒரு ஜனமே இன்றுவரை சுமக்கிறது. பாவமென்றால் அதையா பெயராக வைப்பார்?

அந்த ஜனம் எதை நினைவில் வைத்தது என்பதும் முக்கியம். அதிகாரத்தின் கடைசி வசனம், இஸ்ரவேலர் தொடைச்சந்து நரம்பைச் சாப்பிடுவதில்லை என்கிறது. நியமம் பார்க்கிற யூதர்களுக்குக் கறி வெட்டுகிறவர்கள் இன்றும் பின்னங்கால் கறியிலிருந்து அந்த நரம்பைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். சள்ளை பிடித்த வேலை என்பதால், பல நாடுகளில் பின்பகுதியை அப்படியே மற்றவர்களுக்கு விற்றுவிடுவார்கள். சீனாவில் கைஃபெங் நகரத்தில் வாழ்ந்த யூதர்களுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயரே 'நரம்பு எடுக்கிற மதத்தார்' என்பதுதான். ஜெயித்ததற்கு விழா எடுக்காமல், அடிபட்ட இடத்தை அடுப்படியில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதான் என்பது உண்மைதான். மூப்பர் அங்கே புத்தகத்தை மூடியிருப்பார். 35ஆம் அதிகாரம் வரை வாசித்தால், 'மேற்கொண்ட' அதே யாக்கோபின் ராகேல், அவன் 7 வருடம் வேலை செய்து, ஏமாற்றப்பட்டு, இன்னொரு 7 வருடத்துக்கு ஒப்புக்கொண்டு கட்டிய ராகேல், எப்பிராத்தாவுக்குப் போகிற வழியில் பிள்ளை பெறும்போது இறந்துபோகிறாள். பாதையோரத்திலேயே அடக்கம் செய்து ஒரு தூண் நிறுத்துகிறான். அவன் போராடியது போதவில்லை என்று வேதத்தில் ஒரு வார்த்தை கிடையாது. பிற்பாடு 130 வயதில் பார்வோன் முன்னால் நிற்கும்போது, என் நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமுமானவை என்கிறான். கடவுளை முகமுகமாகப் பார்த்துப் பிழைத்தவன் சொன்ன சாட்சி அது.

முழு இரவு ஜெபத்துக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். உடம்புக்கு முடியவில்லை என்று பொய்க் காரணம் தேட வேண்டாம், வரவில்லை என்றால் போதும். போனாலும், முடிவில் ஆண்டவர் சமாதானம் தந்தார் என்று சொல்லித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டு வருடம் நடந்ததைச் சொல்லலாம், இன்னும் சண்டை முடியவில்லை என்றும் சொல்லலாம். பேச வராவிட்டால், மூப்பரிடம் 35ஆம் அதிகாரம் 16 முதல் 20 வரை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.