மேகத்தில் பனிக்கட்டி உருவாக பாக்டீரியா எதற்கு?

"தண்ணீர் 0 டிகிரியில் தானாகவே உறையுமே, மேகத்தில் பாக்டீரியாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி.

0 டிகிரியில் பனிக்கட்டி உருகும் என்பது நிச்சயம். ஆனால் தண்ணீர் அங்கேயே உறைந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. தூசு எதுவும் இல்லாத மேகத்துளி ஏறக்குறைய மைனஸ் 38 டிகிரி வரை தண்ணீராகவே இருக்கும். மூலக்கூறுகள் பனிப்படிகமாக வரிசை கட்டி நிற்க ஒரு பிடிமானம் தேவை. மண்தூசு அதைக் கொடுக்கும், ஆனால் பெரும்பாலும் மைனஸ் 15க்குக் கீழே போன பிறகுதான்.

இங்கேதான் சூடோமோனாஸ் சிரிங்கே வருகிறது. இலைகளின் மேல் வாழும் பாக்டீரியா இது; காற்று இதை மேகம் வரை தூக்கிச் செல்லும். இதன் வெளிச்சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் நீண்ட புரதம். பல புரதங்கள் பக்கத்தில் பக்கத்தில் சேரும்போது, அவற்றின் மேல் ஒட்டும் நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் இருப்பதுபோலவே அடுக்கிக்கொள்கின்றன. மைனஸ் 2 டிகிரியிலேயே துளி உறைந்துவிடும்! பாக்டீரியா செத்திருந்தாலும் புரதம் வேலை செய்யும்; சில பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கைப் பனி தயாரிக்க இந்தச் செத்த பாக்டீரியாவின் பொடியைத் தண்ணீரில் கலக்கிறார்கள்.

சரி, காற்றில் இவை நிறைய இருக்கின்றனவா? மண்தூசோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் அவ்வளவாகக் குளிராத மேகங்களில் தூசு சும்மா கிடக்கும். அங்கே இவைதான் முதல் படிகத்தைத் தொடங்கி வைக்க முடியும். அந்தப் படிகம் சுற்றியுள்ள ஈரப்பதத்தை இழுத்துப் பெருத்து, கீழே விழும்போது உருகி மழையாகும். பூஞ்சை வித்துகள், மகரந்தத் துணுக்குகள் சிலவும் இதே வேலையைச் செய்கின்றன.